கம்ப்யூட்டர், கேமரா: வாங்கப் போகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: நான் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியை. பெண் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறாள். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரும், தாராசுரம் கோயில் சிற்பங்களைப் படமெடுக்க ஒரு கேமராவும் வாங்க ஆசை. கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. கடையில் “ஐ7 எடுங்க மேடம், இல்லேன்னா ரெண்டு வருஷத்துல பழசாயிடும்” என்கிறார்கள். கேமராவுக்கு “எத்தனை மெகாபிக்சல் வேணும்” என்று கேட்கிறார்கள். எனக்கு இரண்டுமே புரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: டீச்சர், கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் உங்கள் வீட்டில் யார், எதற்காக, எவ்வளவு நேரம் கம்ப்யூட்டரைத் தேடினீர்கள் என்று எழுதுங்கள். வினாத்தாள் அடிப்பது, பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவது, பெண்ணுக்கு வீடியோ பாடம், ஒரு புராஜெக்ட், வருமான வரிக் கணக்கு. ஏறத்தாழ இப்படித்தான் வரும். இதில் ஐ7 என்கிற விலை கூடிய பிராசசரைக் (கம்ப்யூட்டரின் மூளை) கேட்கிற வேலை ஒன்றுகூட இல்லை. ஐ3, ஐ5, ரைசன் 3, ரைசன் 5 என்று எதுவானாலும் அண்மைக்காலத் தலைமுறையாக இருந்தால் இவ்வளவையும் தாராளமாகத் தாங்கும். ஐ7-க்கு அதிகமாகக் கொடுக்கிற பணத்தை வேறு இடத்தில் போட்டால் அன்றாடம் வித்தியாசம் தெரியும்.

எந்த இடத்தில்? வாங்கிய பிறகு மாற்ற முடியாதது எதுவோ, அதற்கு இன்றைக்குப் பணம் கொடுங்கள். பிறகு மாற்றிக்கொள்ள முடிவதில் சிக்கனம் பிடிக்கலாம். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் வாங்கியது வாங்கியதுதான். திறந்திருக்கும் வேலைகளைக் கையில் வைத்துக்கொள்ளும் நினைவகமான ராமைப் பொறுத்தவரை, மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்டவே முடியாது. அப்படிப்பட்டதில் 8 ஜிபி வாங்கினால் ஆயுள் முழுக்க 8 ஜிபிதான். பெண்ணின் வீடியோ வகுப்பு ஓடும்போது பின்னால் பத்துப் பன்னிரண்டு டேப் திறந்திருந்தால் அது திணற ஆரம்பிக்கும், அப்போது உள்ளே ஐ7 இருந்தும் பயனில்லை. அதனால் பற்றவைத்த ராம் என்றால் 16 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். காலி ஸ்லாட் இருந்தால் இப்போதைக்கு 8 போதும், அப்புறம் இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் ஓடுகிற எதையும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்க வேண்டாம். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் கட்டாயம். மெஷின் வேகமாக இருக்கிறது என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு அதனுடையதுதான்.

டெஸ்க்டாப்பா லேப்டாப்பா என்றும் வீட்டில் பேச்சு வந்திருக்கும். டெஸ்க்டாப் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு பாகமாக மாற்றலாம், பெரிய திரை, முதுகுக்கும் நல்லது. ஆனால் அதோடு யு.பி.எஸ்.ஸும் வாங்க வேண்டும். 600 விஏ யு.பி.எஸ். கரன்ட் போனதும் கோப்பைச் சேமித்து மெஷினை ஒழுங்காக அணைக்க நேரம் தருமே தவிர, மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தி மாலையில் கொடுக்கிற நாளில் உதவாது. அதன் பேட்டரியையும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். பெண் ஹாஸ்டலுக்குப் போகலாம் என்றால் பேச்சே இல்லை, லேப்டாப்தான். வீட்டிலிருக்கும்போது பெரிய திரை வேண்டுமென்றால் பிறகு ஒரு மானிட்டர் வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள். ஆல்-இன்-ஒன் என்று டிவி மாதிரி அழகாக நிற்கிறதே, அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். திரை கெட்டால் கம்ப்யூட்டரும் போச்சு, கம்ப்யூட்டர் கெட்டால் திரையும் போச்சு.

கடையில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பெண்ணையும் கூட்டிப் போங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. கீழே ‘ஸ்லாட்ஸ் யூஸ்ட்’ என்று ஒரு வரி இருக்கும். ‘1 ஆஃப் 2’ என்றிருந்தால் ஒரு ஸ்லாட் காலி. அதற்குப் பக்கத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று போட்டிருந்தால் ராம் பற்றவைக்கப்பட்டது. விற்பனையாளருக்கே தெரியாத பதில் பத்து நொடியில் கிடைத்துவிடும். அப்புறம் ஏதாவது ஒரு வண்ணப்படத்தைத் திறந்து திரையைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் பாருங்கள். நிறம் வெளுத்தாலோ கறுத்தாலோ வேண்டாம். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ‘ஐ.பி.எஸ்.’ வகைத் திரை கேளுங்கள். விலை குறைந்த ஐ.பி.எஸ்.ஸிலும் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரிவது உண்டு, படம் எடுக்கிற ஆசை உள்ள வீட்டில் அது பெரிய குறை. கடைசியாக கீபோர்டின் நடுவில் விரலால் அழுத்துங்கள், பள்ளமாக உள்ளே போனால் வினாத்தாள் அடிக்க அது சுகப்படாது.

இனி கேமரா. நேராகவே சொல்கிறேன், இரண்டையும் புதிதாகவும் இரண்டையும் நன்றாகவும் வாங்க 80,000 போதாது. கல்லூரி காத்திருக்காது, தாராசுரம் காத்திருக்கும். முதலில் லேப்டாப். மீதியில் நல்ல நிலையிலுள்ள ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) பாருங்கள், அல்லது இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதிய மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத வகை) வாங்குங்கள்.

மெகாபிக்சலுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு சின்னக் கணக்கு. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளி. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது நல்ல அச்சுக்கான அளவு. 4x6 அங்குலப் படத்துக்கு 1200x1800 புள்ளிகள் வேண்டும், அதாவது 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். சுவரில் மாட்டுகிற 12x18 படத்துக்குக்கூட 20-க்குள் முடிந்துவிடுகிறது. இன்றைக்குத் தொடக்கநிலைக் கேமராக்கள் பெரும்பாலும் 24 தருகின்றன. ஆக அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

கேட்க வேண்டியது, வெளிச்சத்தைப் படமாக மாற்றுகிற சென்சாரின் அளவு. பாக்கெட் கேமராக்களில் சென்சார் சுமார் 6 மி.மீ. அகலம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. கேனன் 1500டி, ஆர்50, நிக்கான் இசட்50 போன்றவற்றில் இருக்கும் ஏ.பி.எஸ்.-சி. சென்சார் 22, 23 மி.மீ. அகலம். வெளிச்சம் குறைந்த கல் மண்டபத்தில் இந்த வித்தியாசம்தான் பேசும்.

அடுத்தது லென்ஸ். எல்லோரும் “50 மி.மீ., எஃப் 1.8 வாங்குங்க” என்பார்கள். நல்ல லென்ஸ்தான், எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும், கேமராவோடு வருகிற கிட் லென்ஸின் எஃப் 5.6-ஐவிட இது ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். பெண் மேடையில் ஆடுகிறாள் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் சிற்பம் ஆடாது, அசையாது. உங்கள் கை அசைவதைச் சமாளித்தால் போதும், அதற்குக் கேனன் 18-55 கிட் லென்ஸில் ‘ஐ.எஸ்.’ என்று எழுதியிருக்கும் அசைவுத் தடுப்பு இருக்கிறது. மேலும் ஏ.பி.எஸ்.-சி. கேமராவில் 50 மி.மீ. என்பது 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும், தூண்களுக்கு நடுவில் பின்னால் போக இடமிருக்காது. தாராசுரத்தில் விரல் நீளத்துக்கு நுணுக்கி நுணுக்கிச் செதுக்கியிருக்கிறார்களே, அவற்றுக்கு எவ்வளவு கிட்டத்தில் போய் ஃபோகஸ் பிடிக்க முடியும் என்பது முக்கியம். அந்தக் கிட் லென்ஸ் 25 செ.மீ. வரை பிடிக்கும், 50 மி.மீ. லென்ஸுக்கு 35 செ.மீ. வேண்டும். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் அந்தச் சிற்பத்தைக் கிட் லென்ஸிலேயே எடுத்துப் பாருங்கள், காலை ஏழரை எட்டு மணிக்கு, வெயில் சாய்வாக விழும்போது. உச்சி வெயிலில் தட்டையாகத் தெரிகிற அதே கல்லில் தந்தமும் கொம்பும் தனித்தனியாகப் புடைத்து நிற்கும். அதற்கு எந்தக் கேமராவும் ஈடு கிடையாது. ட்ரைபாட் வாங்கி வைக்க வேண்டாம், அது தொல்லியல் துறைக் கோயில், முன் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 போன்றவற்றில் கிடையாது. அவை வீடியோவை மனத்தில் வைத்துச் செய்தவை. பிராகாரத்து வெயிலில் பின்பக்கத் திரை ஒன்றுமே தெரியாமல், உத்தேசமாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டியதாகிவிடும்.

கேள்வி: கல்லூரி மாணவன். ‘ரைசன் 5 7520யு’ போட்ட லேப்டாப் ஒன்றும், ‘ரைசன் 5 7530யு’ போட்டது ஒன்றும் பார்த்தேன். இரண்டாவது விலை கூடுதல். பத்து எண்தான் வித்தியாசம், எதற்கு அவ்வளவு விலை?
மாணவன், மதுரை

பதில்: தம்பி, பத்து எண் இல்லை, முழுசாக ஒரு தலைமுறை. ஏ.எம்.டி.யின் இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 7520-இல் அது 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, 4 கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). 7530-இல் அது 3, ஜென் 3 வடிவமைப்பு, 6 கோர். முதலில் இருக்கும் 7 என்பது எந்த வருடத்துப் பட்டியல் என்பதை மட்டும் சொல்கிறது, அதைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கத் தோன்றும். பெயரை இப்படி வைத்தது வாங்குகிறவனுக்கு நியாயமில்லை என்பது என் கருத்து. இன்னொரு விஷயம், 7520யு உள்ள லேப்டாப்களில் ராம் பற்றவைத்துத்தான் வரும், அந்தச் சிப் வேறு வகை ராமை ஏற்காது. ஆகவே 8 ஜிபியோடு வருகிற 7520யு-வை நான்கு வருடப் படிப்புக்கு வாங்காதே. இன்டெல் என்றால் பழைய பெயர் முறையில் பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, அதற்கு முன்னால் முதல் ஓர் இலக்கம்: ஐ5-1235யு பன்னிரண்டாம் தலைமுறை, ஐ5-1334யு பதின்மூன்று.

கேள்வி: என் போனில் 108 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது. 24 மெகாபிக்சல் கேமராவுக்கு எதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும்?
குடும்பத் தலைவி, ஈரோடு

பதில்: உங்கள் போன் சாதாரணமாக எடுத்துத் தருகிற படத்தின் விவரத்தைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் 12 மெகாபிக்சல் என்றுதான் இருக்கும். ஒன்பது சின்னப் புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் அது படம் தருகிறது. அது ஏமாற்று வேலை இல்லை, சின்ன சென்சாரில் வெளிச்சம் சேர்க்க நல்ல உத்தி. வீட்டு விசேஷம், பயணம், வாட்ஸ்அப்பில் அனுப்புவது என்றால் போனே போதும், தனிக் கேமரா வாங்க வேண்டாம். ஓடுகிற பிள்ளை, தூரத்துப் பறவை, இருட்டு மேடை, பெரிதாக அச்சிட வேண்டிய படம், இதில் ஏதாவது ஒன்றில் போன் உங்களைத் திரும்பத் திரும்பக் கைவிட்டிருந்தால் மட்டும் கேமரா பற்றி யோசியுங்கள்.

கேள்வி: கூந்தன்குளத்துக்கு அடிக்கடி போகிறேன், பறவைகளைப் படமெடுக்க வேண்டும். எனக்கும் டி.எஸ்.எல்.ஆர்.தானா?
வங்கி ஊழியர், திருநெல்வேலி

பதில்: உங்களுக்கு வேறு பதில். 18-55 லென்ஸில் பூநாரை ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும். பறவை எடுக்கிற லென்ஸின் விலை கேமராவின் விலையைத் தாண்டிவிடும். பகல் வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பெரிய ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமரா நல்ல தொடக்கம். நிக்கான் பி950 போன்றவற்றில் 83 மடங்கு ஆப்டிகல் ஜூம் இருக்கிறது, லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை. சென்சார் சின்னது, ஆகவே பொழுது சாய்ந்ததும் படம் மணல் மணலாகிவிடும் என்பதைத் தெரிந்தே வாங்குங்கள். ‘ஆப்டிகல்’ என்று எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது, அதை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம்.

கேள்வி: இரண்டு வருடமாகக் கேமராவை அதற்கென்று வாங்கிய தோல் பையில் பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது படங்கள் மங்கலாக வருகின்றன. சர்வீஸில் ‘ஃபங்கஸ்’ என்கிறார்கள். உண்மையா?
ஓய்வு பெற்றவர், நாகப்பட்டினம்

பதில்: உண்மைதான் ஐயா, படிக்கும்போதே மனசு கஷ்டப்பட்டது. என் முதல் லென்ஸும் இப்படித்தான் போனது. ஐப்பசி மழையில் பையோடு பீரோவுக்குள் வைத்து, பொங்கலுக்கு எடுத்தேன். லென்ஸின் ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை வைத்து மறுபக்கம் பார்த்தபோது, உள்ளே கண்ணாடி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாக வெள்ளை இழைகள். துடைத்தால் போகாது, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் இருக்கிறது. முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். நீங்களும் டார்ச் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் என்றால் பிரித்துச் சுத்தம் செய்யலாம். நடுவரை படர்ந்த கிட் லென்ஸுக்குச் சுத்தம் செய்கிற செலவு கட்டாது, இன்னொன்று வாங்கிவிடலாம்.

கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இதையே சொல்கிறேன். தோல் பையும் துணிப் பையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே போகும்போது மட்டும்தான் பை. வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற ஒரு சின்ன மீட்டர். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் முள் நின்றால் நிம்மதி. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், ஈரம் ஏறியதும் பச்சையாகும், சூடு காட்டினால் பழைய நிறத்துக்கு வரும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, பேரப்பிள்ளைகள் நடமாடுகிற வீட்டில் அது வேண்டாம். அரிசி டப்பாவுக்குள் கேமராவை வைக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், தவிட்டு மாவு உள்ளே போகும். எல்லாவற்றையும்விட, வாரம் ஒருமுறை எடுத்து நாலு படம் எடுங்கள். வெளிச்சமும் காற்றும் படுகிற லென்ஸில் பூஞ்சை லேசில் வராது.

கேள்வி: கம்பெனிகளிலிருந்து வந்த பழைய லேப்டாப்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா? பழைய கேமராவும் அப்படித்தானா?
ஆட்டோ ஓட்டுநர், சென்னை

பதில்: தாராளமாக. அலுவலக லேப்டாப்கள் உறுதியாகச் செய்யப்பட்டவை, கீபோர்டும் நன்றாக இருக்கும். ஒன்றை மட்டும் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறையான ஐ5-6300யு, ஐ5-7200யு என்றெல்லாம் மிக மலிவாகக் கிடைப்பது அதனால்தான். ‘பதினொன்று போட்டுத் தருகிறோம்’ என்று குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள், மைக்ரோசாஃப்ட் அதற்குப் பொறுப்பேற்காது. எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே பழையதொன்று வீட்டில் இருந்தால் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் ஏற்றிப் பாருங்கள், பிள்ளைகள் படிக்க நன்றாக ஓடும்.

கேமராவுக்கு: எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்று கேளுங்கள். கல்யாண வேலைக்குப் போன கேமரா ஒரே சீசனில் பல்லாயிரம் அடித்திருக்கும். லென்ஸை டார்ச் வைத்துப் பாருங்கள். எஃப் 16-இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள், கறுப்புப் பொட்டுகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. முதல் பில் இல்லாத கேமரா வேண்டவே வேண்டாம், அது யாரோ தொலைத்ததாக இருக்கலாம்.

கேள்வி: 512 ஜிபி என்று சொல்லி விற்றார்கள், கம்ப்யூட்டரில் 476 தான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
மளிகைக் கடைக்காரர், கரூர்

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஐ மும்முறை பெருக்கி எண்ணுகிறது. 1 டிபி வாங்கியவருக்கு 931 என்று காட்டும். மெமரி கார்டில் மட்டும் உண்மையிலேயே ஏமாற்று உண்டு, 32 ஜிபி கார்டை 256 என்று காட்டும்படி செய்து விற்கிறார்கள். நிரம்பும் வரை தெரியாது, நிரம்பிய பிறகு எடுத்த படங்கள் எதுவும் இருக்காது. பில் தருகிற கடையில் வாங்குங்கள். முக்கியமான நாளுக்கு முன் ஒருமுறை கார்டு முழுக்க ஏதாவது வீடியோக்களை ஏற்றி, திரும்ப ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அப்புறம் கேமராவிலேயே ஃபார்மட் செய்துகொண்டு கிளம்பலாம்.